காளாஸ்தியிலிருந்து நேராக வீட்டுக்கு

"இடிஞ்ச செவுத்தைப் பாக்கறதுக்கு எவனாச்சும் டீசல் போடுவானா மே?"

கேட்டது என் மாமா, அம்மாவின் தம்பி. நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே ஷேர் வண்டி ஓட்டுகிறவர். எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, முன்கண்ணாடியைப் பழைய தினசரியால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. திருப்பதியில் ஹாஸ்டல் சாம்பார் சாப்பிட்டு, வரலாறு படித்துச் சேர்த்த பதில். ஆனால் டீசல் போடுகிறவரிடம் அந்த மாதிரிப் பதில் செல்லாது. அதனால், "அந்த ஓரத்துல ஒரு கறை கீது மாமா, அதையும் தொடைங்க" என்று மட்டும் சொன்னேன்.

மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் குடும்பம் வண்டி ஏறினால் அது கோயிலாக இருக்கும், கல்யாணமாக இருக்கும், இல்லையென்றால் சாவாக இருக்கும். நாலாவதாக ஒரு காரணத்துக்காக யாரும் ஊரைத் தாண்டியதில்லை. அந்த நாலாவது காரணத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றி நாலு வரி. நகரியில் இரண்டு பவர்லூம் ஓடும் வீடு. நைனா, அதாவது அப்பா, தறி பார்ப்பார். அம்மா ஊடைநூலைத் தாரில் சுற்றுவாள். இருவரும் பள்ளிக்கூடத்துக்குள் காலை வைத்தது என்னைச் சேர்ப்பதற்காகத்தான். எங்கள் வம்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். இதை எழுதும்போது கொஞ்சம் திமிர் வருகிறது. வரட்டும்.

அந்த மாதம் வீட்டில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்து நின்றன. ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அதே மாதம் புத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாமா கொண்டுவந்த வரன். பையன் நல்லவன்தான் என்றார்கள். நான் மறுக்கவில்லை. நல்லவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லோரையும் கட்டிக்கொள்ள முடியாது.

ஐதராபாத் என்ற பேச்சை எடுத்தாலே அம்மா உள்ளே போய்த் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவாள். ராட்டினம் ஓடும் வேகத்தை வைத்துக் கோபத்தை அளக்கலாம். நைனா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"காளாஸ்தி போய்ட்டு வந்து பேசிக்கலாம்" என்றார்.

என் ஜாதகத்தில் பாம்பு கிடக்கிறது என்று ஜோசியர் சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனால் காளாஸ்தியில் ராகு கேது பூஜை செய்வார்கள். பூஜை முடிந்த அடுத்த வாரம் புத்தூர்க்காரர்கள் பெண் பார்க்க வருவார்கள். அம்மாவின் கணக்கு அது.

நான் ஒரு நிபந்தனை போட்டேன். பூஜைக்கு வருகிறேன், ஆனால் நான் சொல்லும் இரண்டு இடத்தில் வண்டி நிற்க வேண்டும். ஒன்று சந்திரகிரிக் கோட்டை. இன்னொன்று நாயுடுபேட்டையைத் தாண்டி, துர்கராஜபட்டினம் என்ற கடற்கரை. நான் ஐதராபாத் போய் எதைப் படிக்கப் போகிறேனோ அது அந்த இரண்டு இடத்திலும் இருந்தது. கண்ணால் பார்த்தால் இவர்களுக்குப் புரிந்துவிடும் என்று நம்பினேன்.

அதற்குத்தான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மூக்குள்ள மலை

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் ஆறாவது படித்தபோது வகுப்பறைச் சுவரில் ஒரு பெரிய இந்தியா படம் தொங்கியது. மதிய இடைவேளையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று நகரியைத் தேடினேன். சென்னை இருந்தது, திருப்பதி இருந்தது. நடுவில் வெறும் மஞ்சள். டீச்சரிடம் கேட்டேன். "சின்ன ஊரெல்லாம் மேப்ல வராது, எறங்கு" என்றார். இறங்கினேன். ஆனால் அந்த மஞ்சளை என்னால் மறக்க முடியவில்லை.

பல வருஷம் கழித்து, திருப்பதியில் கல்லூரி நூலகத்தில், ஒரு தடித்த புத்தகத்தில் பழைய கடல் வரைபடத்தின் நகல் ஒன்றைப் பார்த்தேன். கப்பல்காரர்களுக்காகப் போட்டது. அதில் ஊர்கள் குறைவு, கடலின் ஆழம்தான் நிறைய. கரைக்கு உள்ளே, நிலத்தின் மேல், ஒரு மலையை வரைந்திருந்தார்கள். பக்கத்தில் சின்ன எழுத்தில் நகரியின் மூக்கு என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மலையைத் தெரியும். படுத்திருக்கும் ஆள் மூக்கைத் தூக்கிக்கொண்டிருப்பது போல இருக்கும். நைனா கஞ்சி போட்ட பாவு நூலைக் காயப்போடும்போது மழை வருமா என்று அந்த மூக்கைத்தான் பார்ப்பார். கடலில் வந்தவர்களும் அதைத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கரை மட்டமான மணல். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும். அந்த மூக்கு எந்தப் பக்கம் தெரிகிறது என்று வைத்துத்தான் எங்கே வந்திருக்கிறோம் என்று கண்டுபிடித்தார்களாம்.

அன்றைக்கு நூலகத்தில் என்னால் உட்கார முடியவில்லை. ஊர் படத்தில் இல்லை, மலை இருந்தது. யார் இவர்கள், எதற்கு வந்தார்கள், எங்கள் மலையை ஏன் பார்த்தார்கள்? என் படிப்பு முழுக்க அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

வந்தது துணிக்காக. ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ் வியாபாரிகள் மசூலிப்பட்டினத்திலிருந்து தெற்கே இறங்கி வந்து, துர்கராஜபட்டினத்தில் ஒரு சின்னக் கிடங்கு போட்டார்கள். சில வருஷம் இருந்தார்கள். நினைத்த மாதிரித் துணி கிடைக்கவில்லை. இன்னும் தெற்கே போனால் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்று எழுதிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போய் இறங்கின இடம்தான் இன்றைய சென்னை. அங்கே கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்த ராஜாவின் ஊர் சந்திரகிரி.

அடுப்பு இல்லாத அரண்மனை

விடியற்காலையில் கிளம்பினோம். நாலு பேர். முன்சீட்டில் மாமாவும் நைனாவும். பின்னால் நானும் அம்மாவும், பூஜைச் சாமான் கூடையும், புளிச்சோறு தூக்கும். திருப்பதியைத் தாண்டும்போது அம்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"கோச்சுக்காத சாமி. இன்னொரு தபா வந்து மொட்டை போடறோம்" என்றாள்.

"யாருக்குக்கா மொட்டை?" என்றார் மாமா.

"ஒனக்குத்தான்."

சந்திரகிரியில் மலைக்குக் கீழே, இப்போது மியூசியமாகிவிட்ட அரண்மனை வெளுப்பாக நின்றது. வெயில் இன்னும் ஏறவில்லை. புல்வெளியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஈரமண் வாசனையும், எங்கோ யாரோ பொங்கல் தாளிக்கும் நெய் வாசனையும் வந்தன. உள்ளே நுழைந்ததும் சுண்ணாம்புச் சுவரின் குளிர்ச்சி. கைபேசியை எடுத்துப் படம் பிடிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

"இங்கேர்ந்துதான் சென்னைப் பட்டணத்துக்கு உத்தரவு போச்சின்னு சொல்றாங்க" என்றேன்.

நைனா தூண்களை நிமிர்ந்து பார்த்தார். "பட்டணம் அப்ப இல்லியா?"

"இல்ல நைனா. மீனவர் குப்பமும் மணலும்தான்."

"அப்ப நம்ம ஊரு?"

"மலை இருந்துச்சி. அதைக் கப்பல்ல வந்தவங்க பாத்தாங்க." வரைபடக் கதையைச் சொன்னேன். மாமா கூட நடையை நிறுத்திக் கேட்டார். பிறகு, "நம்ம மூக்கைப் பாத்து இங்கிலீஷ்காரன் வழி கண்டுபுடிச்சானா? எனக்கு ராங் ரூட்ல போறப்ப ஒரு தபா கூட அது வழி காட்டலியே" என்றார்.

அம்மாவைக் காணோம். தேடிப் போனால், அடுத்த கூடத்தில் காவலுக்கு இருந்தவரைப் பிடித்து வைத்துத் தெலுங்கில் விசாரித்துக்கொண்டிருந்தாள். ராணி எங்கே படுப்பாள், அவளுக்கு எத்தனை பிள்ளை, குளிக்கிற இடம் எது, வீட்டில் இத்தனை பெரிய கூடம் இருக்கிறதே, அடுப்பு எங்கே?

காவலர் சிலைகளைக் காட்டப் பார்த்தார். அம்மா விடவில்லை.

"செலை இருக்கட்டும்பா. இத்தினி பேருக்கு எங்க சமைச்சாங்க? பொகை எந்தப் பக்கம் போச்சி?"

அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் படித்த எதிலும் அடுப்பு இல்லை. நைனா என் காதருகே, "இவ கேக்கறதுக்கு மியூசியத்துல பதில் கெடையாது. வா, போலாம்" என்றார்.

வண்டியில் ஏறிய பிறகும் அம்மா திரும்பித் திரும்பி அரண்மனையின் கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். புகைக்கூண்டு தேடுகிறாள் என்று நினைக்கிறேன்.

எனக்கு நம்பிக்கை வந்தது. கடலைக் காட்டிவிட்டால் போதும்.

கைபேசியில் இல்லாத விதி

பயணத்தைத் திட்டம் போட்டது நான். கைபேசியில் வரைபடம் போட்டு, சந்திரகிரி, ரேணிகுண்டா, ஏர்பேடு, காளாஸ்தி, நாயுடுபேட்டை, கடல் என்று ஒரே கோடாக இழுத்திருந்தேன். அவ்வளவு அழகான கோடு. எங்கும் வளைந்து திரும்பி வர வேண்டாம். மாமாவே பார்த்துவிட்டு, "டிரைவர் மூளை கீது ஒனக்கு" என்று சொல்லியிருந்தார்.

காளாஸ்தியில் பூஜைக் கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எங்கள் வரிசையில் எல்லோரும் என் வயதுப் பெண்கள். எல்லோருக்கும் பின்னால் ஓர் அம்மா. மைக்கில் ஒருவர் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொல்ல, சின்னஞ்சிறு வெள்ளிப் பாம்புகளுக்குப் பூவும் குங்குமமும் போட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கைக்குள் கைபேசியை மறைத்து யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாம்பு விலகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாமி பார்த்துவிட்டு வெளியே வந்தோம். வண்டியில் ஏறினோம். ஊர் எல்லையில் சாலை பிரிகிற இடத்தில் நாயுடுபேட்டை என்று பச்சைப் பலகை. மாமா எதிர்ப்பக்கம் திருப்பினார்.

"மாமா, இந்தப் பக்கம்" என்றேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா மே, தெரியாத மாதிரி பேசற? பூஜை பண்ணா நேரா வூட்டுக்குத்தான போவணும்?"

கைபேசி வரைபடத்தை மூடினேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் கூடத் தெரியும் இது. காளாஸ்தியில் பூஜை முடித்தால் வேறு கோயிலுக்குப் போகக் கூடாது. யார் வீட்டுக்கும் போகக் கூடாது. வழியில் தங்கக் கூடாது. நேராக வீடு. கழித்துவிட்டு வந்ததைக் கொண்டுபோய் இன்னொருவர் வாசலில் இறக்கக் கூடாது என்பதற்காக. பக்கத்து வீட்டில் யாராவது காளாஸ்தி போய்விட்டு வந்தால் நான் எத்தனையோ முறை, "எங்க வூட்டுக்கு இன்னிக்கு வராதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அந்த விதியை, நானூறு வருஷத்துக்கு முன்னால் யார் எந்தக் கரையில் இறங்கினார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிற நான், சுத்தமாக மறந்துபோயிருந்தேன். கடலை முதலில் வைத்து, காளாஸ்தியைத் திரும்பி வரும் வழியில் வைத்திருந்தால் எந்தத் தடையும் இல்லை. கோடு அழகாக வர வேண்டும் என்று பார்த்தேன்.

டீக்கடை யார் வீடு?

"கடல் கோயிலும் இல்ல, வூடும் இல்லியே அம்மா" என்றேன். விட்டுவிட மனசில்லை.

"கடலும் சாமிதான்."

"பாக்கறதுக்குத்தான. கும்புட மாட்டேன்."

"கடலைப் பாத்துட்டுக் கும்புடாம வந்தா அது வேற தோஷம்."

மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அக்கா கோர்ட்டுல அப்பீல் கெடையாது மே."

ஏர்பேடு வந்தபோது மாமாவுக்கே சோதனை வந்தது. சாலையோரம் ஒரு கடையில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கிற டீயின் வாசனை வண்டிக்குள் வந்தது.

"அக்கா, டீக்கடை வூடு கணக்கா?"

"ஓனர் பின்னாடிதான குடும்பம் வச்சிக் கீறான். வூடுதான்."

"டோல் கேட்டுல கூட நின்னமே. அது யார் வூடு?"

"நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

நைனா சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். அன்றைக்கு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு டீக்கே இந்தப் பாடு. ஒரு நாள் வழியிலேயே கடலுக்குப் போக முடியவில்லை. ஐதராபாத்துக்கு எங்கே போவது? வண்டி ஒவ்வொரு ஊராக வீட்டை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் அடுத்த வாரம் புத்தூர்க்காரர்கள்.

புத்தூரைத் தாண்டியதும் மூக்கு மலை தெரிந்தது. சாயங்கால வெளிச்சத்தில் நீலமாக. கப்பல்காரனுக்கு அது வந்து சேர்ந்துவிட்டோம் என்று சொன்னது. எனக்கும் அதையேதான் சொன்னது. எனக்குத்தான் பிடிக்கவில்லை.

அழவில்லை. சண்டையும் போடவில்லை. வீட்டு வாசலில் அம்மா சொன்னபடி கால் கழுவினேன், உள்ளே காலை வைத்தேன், செம்புத் தண்ணீரைக் குடித்தேன், விளக்கேற்றினேன். விதி முடிந்தது. தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டுத் தறி மட்டும் அன்றைக்கு நின்றிருந்தது.

யார் சொன்னது?

மறுநாள் காலையில் எழுந்து வந்தால், அம்மா மறுபடியும் தூக்கில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். மாமாவின் வண்டி வாசலில் நின்றது. மாமா தூக்கம் கலையாத முகத்தோடு ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார்.

"எங்கே போறோம்?" என்றேன்.

"கடலுக்கு."

எனக்குப் புரியவில்லை. "நேத்து நீதான வேணாம்னு..."

அம்மா தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள்.

"நேரா வூட்டுக்கு வரணும்னுதான் சொன்னேன். வூட்டுலயே இருக்கணும்னு யார் சொன்னது?"

பிறகு, நான் ஏதாவது சொல்லிவிடப் போகிறேன் என்று பயந்தவளைப் போல அவசரமாக, "அந்தக் கப்பல்காரனுங்க அவ்வளோ தூரத்துலேர்ந்து எதுக்கு வந்தானுங்கன்னு நானும் பாக்கணும்" என்றாள். "ராத்திரியெல்லாம் அதேதான் ஓடிக்கினு இருந்திச்சி."

நைனா இரண்டாவது நாளாகத் தறியை நிறுத்தினார். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தொடர்ந்து தறி நின்றால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு வருவார்கள். எதிர்வீட்டுக்காரர் கேட்டே விட்டார்.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல" என்றார் நைனா. "கடலைப் பாக்கப் போறோம்." சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பெட்ரோல் பங்கில் மாமா இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே ஜன்னலருகே வந்து, "இன்னா பாக்கற? நான்தான் போடறேன், டீசல்" என்றார்.

சவுக்குத் தோப்புக்கு அப்பால்

நாயுடுபேட்டையில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு நிலம் தட்டையாகிக்கொண்டே போனது. இறால் வளர்க்கும் குட்டைகளில் காற்றூட்டும் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. காற்றில் உப்பும் சேறும். சவுக்குத் தோப்புக்கு அப்பால் கலங்கரை விளக்கம் ஒன்று குச்சி மாதிரி நின்றது.

மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பழைய கோட்டை எங்கே என்று கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல், "கோட்டா? இக்கட ஏமீ லேதம்மா" என்றாள். இங்கே ஒன்றும் இல்லை. பிறகு இரக்கப்பட்டு ஒரு முள்புதர்ப் பக்கம் கையைக் காட்டினாள்.

போய்ப் பார்த்தோம். சீமைக் கருவேலம். அடியில் சில செங்கல் துண்டுகள். அவை அந்த வியாபாரிகள் போட்டவையா, பிறகு வந்த யாரோ போட்டவையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எம்.ஏ. படித்ததில் எனக்கு வந்த நேர்மை அவ்வளவுதான். தெரியவில்லை என்றேன்.

"இடிஞ்ச செவுரு கூட இல்லியே மே" என்றார் மாமா. கிண்டல் இல்லை. உண்மையிலேயே ஏமாந்திருந்தார்.

மூன்று பேரையும், இரண்டு தறியையும், இரண்டு நாளையும் இழுத்துக்கொண்டு வந்து நான் காட்டியது ஒரு முள்புதர்.

அம்மா செங்கல்லைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடி நடந்து, அலை காலைத் தொடுகிற இடத்தில் நின்றுவிட்டாள். ஈரமணலில் சின்ன நண்டுகள் ஓடி ஓடிப் பொந்துக்குள் போயின. கும்பிடுவாள் என்று நினைத்தேன். திரும்பி நிலத்தின் பக்கம் பார்த்தாள்.

"நம்ம மலை தெரியலையே?"

"இங்கேர்ந்து தெரியாதும்மா. கடலுக்குள்ள கொஞ்ச தூரம் போயி, தெக்கால பழவேற்காடு பக்கம் போனாத்தான் தெரியுமாம்."

"கப்பலு எங்க நின்னுது?"

"தூரத்துல. கரைக்கு வராது. சின்னப் படகுல எறங்கி வருவாங்க."

"அவங்க ஊர்லேர்ந்து இங்க வர எத்தினி நாளு?"

"ஆறு மாசம் ஆவும். சில நேரம் அதுக்கு மேலயும்."

அம்மா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். காற்றில் முந்தானை படபடத்தது. பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"பொண்டாட்டி புள்ளைங்க?"

"கூட்டிக்கினு வர மாட்டாங்க. பாதிப் பேரு சின்னப் பசங்க. என் வயசுதான் இருக்கும். கொஞ்சம் பேரு இங்கியே செத்தும் பூட்டாங்க."

"அப்ப அவங்கம்மா?"

"எவங்கம்மா?"

"அந்தப் பையனோட அம்மா. போடான்னு எப்பிடி மே அனுப்புனா?"

சந்திரகிரிக் காவலர் நின்ற மாதிரி நானும் நின்றேன். நான் படித்த எந்தப் பக்கத்திலும் அந்த அம்மா இல்லை. துணியின் விலை இருந்தது, ராஜாவின் பெயர் இருந்தது, கடலின் ஆழம் இருந்தது.

"தெரியலம்மா. யாரும் எழுதி வைக்கல" என்றேன்.

"நீ தேடிப் பாரு" என்றாள் அம்மா. சாதாரணமாகத்தான் சொன்னாள், கடையில் போய் உப்பு இருக்கிறதா பார் என்று சொல்வதைப் போல. பிறகு கேட்டாள். "ஐதராபாத்துக்கு எத்தினி நேரம்?"

"சாயங்காலம் ரயில் ஏறினா விடிஞ்சா ஊருதான்."

நைனா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். எனக்குத் தெரிந்து அவர் கடலில் கால் நனைத்தது அதுதான் முதல் தடவை. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு அலைக்கும் ஓரடி பின்னால் போனார்.

சவுக்கு நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிடும்போதுதான் அம்மா பேசினாள். என்னிடம் அல்ல.

"டே, புத்தூர்க்காரங்களுக்கு போன் போட்டு சொல்லிடு. இப்பத்திக்கு வேணாம்னு."

மாமாவுக்குச் சோறு வாயிலேயே நின்றது. "அப்ப நேத்து பண்ண பூஜை இன்னாக்கா ஆவுறது?"

"பண்ணது பண்ணதுதான. ஊறுகாயா அது, கெட்டுப் போவ? இவ படிச்சி முடிக்கிற வரைக்கும் நிக்கும்."

நைனா விரலில் ஒட்டியிருந்த சோற்றை நக்கிவிட்டு, "அவ்ளோதான் மச்சான். பேசிக்கலாம்னு சொன்னேன் இல்ல, பேசியாச்சி" என்றார்.

நேராக

மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ரேணிகுண்டா ஸ்டேஷனில் என்னை ஏற்றிவிட மூவரும் வந்தார்கள். எங்கள் குடும்பம் நாலாவது காரணத்துக்காக வண்டி எடுத்தது அது மூன்றாம் முறை. மாமா பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டார். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். அம்மா கம்பி வழியாகக் கையை விட்டு, நெற்றியில் குங்குமத்தை அழுத்தினாள்.

"எறங்குனதும் நேரா ஆஸ்டலுக்குப் போ. நடுவுல எங்கியும் நிக்காத. யார் வூட்டுக்கும் போவாத."

"காளாஸ்தி மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

சொன்னபடியே செய்தேன். காலையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, நடுவில் ஒரு டீ கூடக் குடிக்காமல் நேராக ஹாஸ்டலுக்குப் போனேன். கால் கழுவினேன், அறைக்குள் காலை வைத்தேன், ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். பிறகு வெளியே வந்து, வாசலில் இருந்த காவலரிடம் கோல்கொண்டாக் கோட்டைக்கு எந்த பஸ் என்று கேட்டு, ஏறிவிட்டேன்.